துருவைப் பார்த்தும் சொல்லாமல் விட்ட வருஷம்

கண்ணு,

நீ பஸ் ஏறிப் போய் ஆறு நாளாகிறது. இதை நீ இங்கே இருக்கும்போதே வாயால் சொல்லியிருக்க வேண்டும். முடியவில்லை. நீ பெட்டி கட்டிக்கொண்டிருந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு விஷயம் சொன்னாய். விவசாய ஆபீஸ் வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு முதன்முதலாக ஒரு ஊருக்குப் போயிருக்கிறாய். அங்கே உன் அப்பா வயசுக்காரர்களெல்லாம் நோட்டும் பேனாவுமாக உன்னைச் சுற்றி உட்கார்ந்து, நீ சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்களாம். "ஒருத்தர்கூட எதிர்க்கேள்வி கேக்கலைம்மா" என்றாய். உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன். உங்கப்பா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பனிமூட்டம் இறங்கி வாசல் தெரியவில்லை. துணி காயாது, முழங்கால் மடங்காது. பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தை நினைத்தாலே ஒரு மேடு ஏறுவது போல மூச்சு வாங்குகிறது. இருபத்தெட்டு வருஷம் ஒரே பாடங்களைச் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் வகுப்பில் என் குரலை நானே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வருஷா வருஷம் சொல்லித் தந்த பாடம் ஒன்று இருக்கிறது. அதைப் படித்தவள் நான், பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான், அது என் தோட்டத்துக்குள் நடந்தபோது வாயை மூடிக்கொண்டு இருந்தவளும் நான்தான். அதனால் நடந்தது என்னவென்று உனக்குத் தெரியாது. அத்தை ஏன் மலையை விட்டுப் போனார் என்று நீ மூன்று நான்கு தடவை கேட்டிருக்கிறாய். மருமகன் கூப்பிட்டார், போனார் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

பழைய தோட்டம் உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். நாகலூருக்குக் கீழே நமக்கு மூன்று ஏக்கர், ஓடைக்கு அந்தப் பக்கம் அத்தைக்கு ஒன்றரை ஏக்கர். மாமா இறந்தபிறகு அத்தை, தம்பியான உங்கப்பாவிடம்கூடக் கை நீட்டாமல், அந்த ஒன்றரை ஏக்கரை வைத்துத்தான் தன் பெண்ணையும் வளர்த்தார், பாதி நேரம் உன்னையும் வளர்த்தார். நான் ஏற்காட்டுக்கு முதல் பஸ் பிடித்துப் போய்விட்டால் சாயங்காலம்தான் வருவேன். உனக்குச் சோறு ஊட்டியது, காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தது, முதன்முதலில் உன்னை அடித்ததுகூட அவர்தான். அடித்துவிட்டு உன்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். அப்போது இருந்த காப்பிச் செடிகள் உன் தாத்தா காலத்தில் வைத்தவை. எங்கெங்கிருந்தோ நாற்றுக் கொண்டுவந்து வைத்தார்களாம். பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு செடி ஒன்று போல இருக்காது. ஒன்று நெட்டையாக வளரும், ஒன்று படர்ந்து நிற்கும், ஒன்றில் பழம் முன்னதாகச் சிவக்கும், இன்னொன்று தை மாசம் வரை பச்சையாகவே நின்று உயிரை வாங்கும். மழைக்காலத்தில் இலைக்கு அடியில் மஞ்சள்தூள் கொட்டினாற்போல துரு நோய் வரும். சில செடி மொட்டையாகிவிடும், சிலதில் பாதி இலை உதிரும், சில செடிக்கு ஒன்றுமே ஆகாது. ஏன் அதற்கு மட்டும் ஆகவில்லை என்று யாரும் கேட்டதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை உங்கப்பா மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிப்பார். அந்த நாட்களில் அவர் விரல் நகமெல்லாம் நீலமாக இருக்கும். விளைச்சல் குறைவு, வேலை அதிகம். ஆனால் ஒரு வருஷம்கூடச் சுத்தமாக இல்லை என்று ஆனதில்லை.

எங்கள் மலைக்கிராமத்தில் டீச்சர் ட்ரெயினிங் வரை படித்த முதல் பெண் நான். அதை உனக்கு நான் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். பெருமைக்குப் பின்னால் இருந்ததைச் சொன்னதில்லை. சேலத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த புதிதில் வீட்டை நான் 'ஊடு' என்று சொன்னதற்கும் 'நொம்ப' என்று சொன்னதற்கும் சிரித்தார்கள். ஒரே மாசத்தில் என் பேச்சை மாற்றிக்கொண்டேன். அதைத் தகவமைப்பு என்று சொல்லக்கூடாது, பாடத்தில் வருவது வேறு. ஒரு ஆள் தன்னை மாற்றிக்கொள்வது வேறு, ஒரு இனம் தலைமுறை தலைமுறையாக மாறுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பரீட்சைக்கு நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் பிறர் சிரிப்புக்கு ஆளானவளுக்கு ஒரு குணம் வந்து ஒட்டிக்கொள்ளும். மறுபடி ஒருமுறை தப்பாகிவிடக்கூடாது, தப்பானாலும் யாருக்கும் தெரியக்கூடாது என்கிற குணம். அதோடுதான் நான் மலைக்குத் திரும்பி வந்தேன். இங்கேயோ எனக்கு வேறு மரியாதை. மனு எழுத, மாத்திரைப் பெயர் படிக்க, பையனை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று கேட்க, எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். டீச்சரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. நான் சொல்லி அதுவரை எதுவும் தப்பாகவும் இல்லை.

நீ ஆறாவது படிக்கும்போது அந்தக் குட்டை ரகம் வந்தது. ஏற்காட்டில் காப்பிக்காரர்களுக்கு ஒரு கூட்டம் போட்டிருந்தார்கள். உங்கப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வந்து பேசியவர் நல்ல மனிதர், தெரிந்ததைத்தான் சொன்னார். புதுச் செடி இடுப்பு உயரம்தான் வரும், நெருக்கி வைக்கலாம், மூன்றாம் வருஷமே காய்க்கும், துரு அதைத் தொடாது. அவர் காட்டிய படத்தில் இலை எண்ணெய் தடவினது போல மின்னியது. பக்கத்து எஸ்டேட்டில் வைத்திருந்ததையும் போய்ப் பார்த்தேன். கொட்டும் மழையில் ஒரு இலையில்கூடப் புள்ளி இல்லை. அவர் கடைசியில், 'இதுவரைக்கும் பார்த்ததில்' என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

உங்கப்பா பாதித் தோட்டத்துக்கு மட்டும் புதுசு வைக்கலாம் என்றார். காரணம் கேட்டேன். அவருக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை, மனசு ஒப்பவில்லை என்று மட்டும் சொன்னார். பழைய செடி நின்றால் அதில் நோய் தங்கிக்கொண்டே இருக்கும், ஒழிப்பதானால் ஒரேயடியாக ஒழிக்க வேண்டும் என்று நான் பாடம் நடத்துகிற குரலில் பேசினேன். அவர் பத்தாவது வரை படித்தவர், நான் டீச்சர். பேச்சு அதோடு முடிந்தது. நம் மூன்று ஏக்கரையும் வேரோடு பிடுங்கினோம். நம்மைப் பார்த்து இன்னும் ஐந்து குடும்பம் பிடுங்கியது. அத்தை மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போட்டார். ஒரு சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது ஓடைக்கரையில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"துரு வராதுங்கறது நெசந்தானா கண்ணு?" என்று கேட்டார்.

"வராதுங்க அண்ணி. எழுதி வேணும்னாலும் தர்றேன்" என்றேன்.

"நீ எழுதியெல்லாம் எதுக்குத் தரோணும். வாயால சொன்னாப் போதாதா" என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஆள் வைத்துப் பிடுங்க ஆரம்பித்துவிட்டார்.

முதல் இரண்டு அறுப்பு எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். கிளை தாங்காமல் காய்த்தது. மருந்து அடிக்கிற வேலையே இல்லை. உங்கப்பா ஸ்பிரேயரைக் கழுவித் துடைத்துச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டார். அத்தை தன் பெண்ணைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தார். ஊரில் யார் என்னைப் பார்த்தாலும் சிரித்தார்கள். ஒரு அம்மா தன் தோட்டத்து முதல் பழத்தை முந்தானையில் கட்டிக்கொண்டு வந்து பள்ளிக்கூட வாசலில் வைத்து என்னிடம் கொடுத்தார். காப்பிப் பழத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், ஆனாலும் அன்றைக்கெல்லாம் அதை மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ பத்தாவது படித்த வருஷம், ஐப்பசி மழை. அந்த வாரம் நான் நடத்தியது இயற்கைத் தேர்வு. உயிர்கள் தேவைக்கு மேல் பெற்றுப்போடுகின்றன. பிறப்பதில் எதுவும் இன்னொன்றைப் போல அச்சாக இருப்பதில்லை. இருக்கிற இடத்துக்கு ஏதோ ஒரு விதத்தில் ஒத்துவருவது பிழைத்துத் தன்னைப் போலப் பெற்றுப்போடுகிறது, மற்றது வாரிசு இல்லாமல் போகிறது. இது காலங்காலமாக நடந்தால் இனமே மாறுகிறது. தக்கன பிழைக்கும் என்று கரும்பலகையில் எழுதிக் கீழே கோடு போட்டேன். தக்கது என்றால் பலசாலி என்று அர்த்தமில்லை, நல்லது என்றும் அர்த்தமில்லை, அந்த இடத்துக்கு அந்த நேரத்துக்கு ஒத்துப்போவது அவ்வளவுதான் என்று சொன்னேன். ஒட்டகச்சிவிங்கி படம் வரைந்தேன். கழுத்தை நீட்டி நீட்டி அது நீளவில்லை, கொஞ்சம் நீளமாகப் பிறந்தவை மிச்சமாயின என்று விளக்கினேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கீழ்ப்பாதை வழியாக வந்தேன். மேல்பாதையில் மண் சரிந்திருந்தது. நம் தோட்டத்துக் கடைசி வரிசையில் ஒரு செடியில் இலை லேசாக மஞ்சளடித்தது போல இருந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு இலையைத் திருப்பினேன். கட்டைவிரலில் தூள் ஒட்டியது. எனக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தச் செடியில் பதினைந்து இருபது இலையில் இருந்தது. அடுத்த செடியில் ஒன்றிரண்டில். சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. தூள் இருந்த இலைகளையெல்லாம் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து, உங்கப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்த நேரத்தில் அடுப்பில் போட்டேன். ஈர இலை, சட்டென்று எரியவில்லை. புகையைப் பார்த்துவிட்டு நீதான் வந்து என்னம்மா என்று கேட்டாய். ஈர விறகு என்று சொன்னேன். நீ படிக்கப் போய்விட்டாய்.

என்ன நடந்திருக்கிறது என்று அந்த அடுப்பு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. துரு என்பது ஒரு பூஞ்சை. அந்தத் தூள் அதன் வித்து. ஒரு இலையிலிருந்து கிளம்புவதே லட்சக்கணக்கில் இருக்கும். அத்தனையும் ஒன்று போல இருப்பதில்லை, பார்த்து எழுதும்போது ஓரிடத்தில் கை தவறுவது போல ஏதோ ஒன்று சற்று மாறிப் பிறக்கும். பழைய தோட்டத்தில் அப்படி மாறிப் பிறந்தது ஒரு செடியில் பிழைத்தால்கூட அடுத்த செடி வேறாக இருக்கும், அங்கே அது முளைக்காது. நாங்கள் என்ன செய்தோம், மலைச்சரிவு முழுக்க ஒரே செடியை நிறுத்தினோம். அதில் முளைக்கத் தெரியாத வித்தெல்லாம் வருஷக்கணக்காக விழுந்து செத்தது. அதைத்தான் நாங்கள் துரு வராத செடி என்று கொண்டாடினோம். எங்கேயோ ஒரு வித்து அந்த இலையில் முளைக்கிற மாதிரி பிறந்துவிட்டது. அதற்குப் போட்டி இல்லை. காற்றில் எங்கே போய் விழுந்தாலும் அதற்குத் தெரிந்த அதே இலை. உங்கப்பா பின்னால் ஒருநாள், நோய் நம்ம செடியைப் பழகிக்கிச்சு என்றார். அது எதையும் பழகவில்லை, எதையும் யோசிக்கவில்லை. சல்லடை போட்டுச் சலித்து அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது நாங்கள்தான்.

மறுநாளே சொல்லியிருக்கலாம். உங்கப்பா ஸ்பிரேயரை எடுத்திருப்பார், ஆறு குடும்பமும் துத்தம் வாங்கியிருக்கும். அதோடு துரு ஒழிந்திருக்காது, ஆனால் மட்டுப்பட்டிருக்கும், அடுத்த மழைக்குள் சுதாரித்திருக்கலாம். நான் என்னிடமே சாக்குச் சொல்லிக்கொண்டேன். இரண்டு செடிதானே. இன்னும் ஒரு மாசம் பார்ப்போம். அறுப்பு நேரத்தில் ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம். அந்த மாசம் முழுக்க வாரத்துக்கு இருமுறை கீழ்ப்பாதை வழியாக வந்து இலை பறித்தேன். பிறகு பறித்து மாளவில்லை, அந்தப் பாதையில் வருவதை விட்டுவிட்டேன். அறுப்பு எப்படியோ கைக்கு வந்துவிட்டது. அதனால் அங்கங்கே மஞ்சளடித்த இலையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் ஆவணியிலேயே ஆரம்பித்து, கார்த்திகைக்குள் ஆறு தோட்டமும் குச்சி குச்சியாக நின்றன. காய் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, ஒரு இலை இல்லை. இலை இல்லாத செடி காயைப் பழுக்க வைக்கத் தன்னையே தின்றுகொள்ளும், கிளை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். காயும் கறுத்துச் சுருங்கியது. பக்கத்து எஸ்டேட்டிலும் வந்துதான் இருந்தது. அவர்களுக்கு ஆள் இருந்தது, மருந்து இருந்தது, தாக்குப் பிடித்தார்கள்.

திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. வந்து வாசலில் நின்று, இப்ப என்ன பண்றதுங்க டீச்சரு என்று கேட்டார்கள். மறுபடி என்னையே கேட்டார்கள். நான் மருந்தின் பெயரும் அளவும் எழுதிக் கொடுத்தேன். ஒரு குடும்பம் கேரளா பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போனது. இரண்டு பேர் ஏற்காட்டுக்குக் கூலிக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். அத்தை செடிகளை முட்டி உயரத்துக்கு வெட்டிவிட்டுத் துளிர்க்கும் என்று ஒரு வருஷம் காத்திருந்தார். துளிர்த்தது, துளிரிலும் தூள் வந்தது. ஐம்பத்திமூன்று வயசில் அவர் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையில் சேர்ந்தார். அவர் பஸ் ஏறினபோது நீ ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். வழியனுப்ப வரமாட்டேன் என்று வீம்பு பிடித்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்தாய். படிச்சு முடிச்சுட்டுச் சொல்லு சாமி, நான் வந்தர்றேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நீ விவசாயப் படிப்பு எடுத்ததே அந்த வார்த்தைக்காகத்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். கேட்டதில்லை.

போன வருஷம் முழுப்பரீட்சை முடிந்த கையோடு நான் திருப்பூர் போனேன். உன்னிடம் சேலத்தில் ஒரு கல்யாணம் என்று சொன்னேன். அத்தை இருந்த ஊடு ஒரே அறை. இத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை என் பேனாவில் தானாக வருகிறது, அடிக்காமல் விடுகிறேன். அவருக்கு அன்றைக்கு லீவு. இளைத்திருந்தார், விரல்நுனியெல்லாம் கத்தரி பிடித்துக் காய்ப்பு ஏறியிருந்தது. உன்னைப் பற்றியே ஒரு மணி நேரம் கேட்டார். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீழ்ப்பாதை, கடைசி வரிசை, பையில் கொண்டுவந்தது, அடுப்பு. ஒரு வருஷம் முன்னாடியே எனக்குத் தெரியும் அண்ணி, தெரிஞ்சே சொல்லாம விட்டுட்டேன் என்று சொன்னேன். எழுந்து போகச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் தட்டில் இருந்த முறுக்கை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ பாக்கறதுக்கு முந்தியே நான் பாத்துட்டேன் கண்ணு" என்றார். "அந்த வருசம் ஆடி மாசமே ஓடையோரம் நாலு செடியில தூளு இருந்துச்சு. நீதான் வராதுன்னு சொல்லியிருந்தியே. செரி, என்ற கண்ணுலதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன். ஞாபகம் இருக்குதா, சேலத்துக்குக் கண்ணு காட்டப் போலாம்னு உன்னையக் கூப்பிட்டனே."

ஞாபகம் இருந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை அவரை நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் அட்டையில் இருந்த எழுத்தைக் காட்டினார், அத்தை படிக்கத் தெரியாது என்றதும் விரலை எண்ணச் சொல்லிப் பார்த்தார். கண் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். வரும்போது பஸ்ஸில் அத்தை ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வந்தார். மலைப்பாதையில் தலை சுற்றுகிறது போல என்று நினைத்தேன்.

"டாக்டரு நல்லாருக்குதுன்னுதான் சொன்னாரு. அப்புறமும் நான் உன்னையத்தானே நம்புனேன்" என்றார் அத்தை. அதில் கோபம் இல்லை. நொம்ப நாளாகக் கையில் வைத்திருந்த ஒன்றைக் கீழே வைப்பது போலச் சொன்னார். நான் அழுதேன். அவர் அழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று முகம் கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

கண்ணு, நான் எட்டு வருஷமாகச் சுமந்தது நான் மறைத்த குற்றத்தை. அன்றைக்குத்தான் அதைவிடப் பெரியது ஒன்று எனக்குத் தெரிந்தது. நாற்பது வருஷம் காப்பியோடு கிடந்த ஒரு மனுஷி, தன் கண்ணால் கண்டதை, நான் சொன்ன ஒரு சொல்லுக்காகத் தன் கண்ணின் நோய் என்று எடுத்துக்கொண்டார். அவர் வந்து என்னிடம் சொல்ல நான் இடம் வைக்கவில்லை. எழுதி வேண்டுமானாலும் தருகிறேன் என்று சொன்ன ஆளிடம் யார் வந்து சொல்லுவார்கள். உன் வேலை நீ புதுசு சொல்வதுதான். சொல்லு, பயப்படாதே. நல்ல ரகம் வந்தால் வைக்கச் சொல்லு. ஆனால் மொத்தமும் அதையே வைக்கச் சொல்லாதே. உனக்குத் தெரிந்தது இன்றைய தேதி வரைக்கும்தான் என்பதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லு, அதைச் சொல்வதால் உன் மரியாதை குறைந்தாலும் பரவாயில்லை. யாராவது ஒரு கிழவி வந்து இலையைக் காட்டினால் கையில் வாங்கித் திருப்பிப் பார். தப்பு உன்னுடையதாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. மறுநாள் சொல்வது நொம்பக் கஷ்டம், அடுத்த மாசம் சொல்லவே முடியாது. இதை நான் படித்துச் சொல்லவில்லை.

உங்கப்பாவிடம் திருப்பூரிலிருந்து வந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன். சரி என்றார். அப்புறம் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பி கேட்டார். தோட்டத்தில் இப்போது கலந்துதான் நிற்கிறது. ஓடைக்கரையிலும் பிடுங்காமல் விட்ட இடுக்குகளிலும் முளைத்த பழைய செடிகளிலிருந்து அவர் நாற்று எடுத்தார், குட்டை ரகத்திலும் தாங்கி நின்ற சிலதை விட்டுவைத்தார், இடையில் மிளகு ஏற்றியிருக்கிறார். துரு இந்த வருஷமும் வந்தது. சிலது மொட்டை, சிலது பாதி, சிலதுக்கு ஒன்றுமில்லை. எந்தெந்தச் செடி என்று இப்போது அவர் குறித்துவைக்கிறார். இது முடிகிற காரியம் இல்லை, நாம் ஒன்று வைத்தால் அது ஒன்று முளைக்கும், நமக்கு அலுக்கும், அதற்கு அலுக்காது. எனக்கு அலுத்துவிட்டது. உங்கப்பாவுக்கு இன்னும் அலுக்கவில்லை என்பதுதான் இந்த ஊட்டில் எனக்கு இருக்கிற ஒரே தெம்பு.

ஒரு சேதி. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அத்தை வருகிறாராம். போன வாரம் பக்கத்து ஊட்டுப் பெண்ணிடம் எழுதச் சொல்லி ஒரு கார்டு போட்டிருக்கிறார். ஏழு வருஷத்துக்கப்புறம் முதல்தடவை. நீ இரண்டு நாள் லீவு சொல்லிவிட்டு, திருப்பூரில் இறங்கி அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு வா. மலைப்பாதையில் அவருக்குக் குமட்டும், முன்பக்கத்து சீட்டாகப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வை. வந்து இறங்கினதும் காப்பிகூடக் குடிக்காமல் தோட்டத்துக்குத்தான் போவார், எனக்குத் தெரியும். போகட்டும். நீயும் உங்கப்பாவும் நானும் பின்னால் நடப்போம். அவர் எந்தச் செடியிடம் நிற்கிறாரோ நிற்கட்டும், எந்த இலையைத் திருப்புகிறாரோ திருப்பட்டும். அவர் என்ன பார்த்தார் என்று அவரே சொல்லும்வரை நாம் மூன்று பேரும் வாயைத் திறக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள் சாமி. வெயில் ஊர், தண்ணீர் நிறையக் குடி.

அம்மா